சின்கோனா பட்டையும் நம் பிள்ளைகளின் வேதியியலும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில் நடுவட்டம் வரும். அந்த ஊரில் ஒரு காலத்தில் குயினைன் தொழிற்சாலை நடந்தது என்று சொன்னால், இன்று அந்த வழியாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பலர் நம்ப மாட்டார்கள். 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த சின்கோனா, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நடப்பட்டது. அந்த மரத்தின் பட்டையில் இருப்பதுதான் மலேரியாவுக்கு மருந்தான குயினைன். காடு வெட்டவும் குழி தோண்டவும் சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். 1866-இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை 'குயினாலஜிஸ்ட்' என்ற பதவியில் மதராஸ் அரசு ஊட்டிக்கு அனுப்பியது. எந்த மரத்துப் பட்டையில் எவ்வளவு மருந்துச் சரக்கு இருக்கிறது, அதை மலிவாகப் பிரித்தெடுப்பது எப்படி என்று சோதிப்பது அவருடைய வேலை. ஆக, வேதியியல் ஆராய்ச்சி இந்த மலைக்கு வந்து ஏறக்குறைய 160 ஆண்டுகள் ஆகின்றன.

மார்க்கத்தின் பெயர் இருக்கிறது. தோட்டங்களைக் கவனித்த மக்ஐவரின் பெயர் இருக்கிறது. பிராட்டனின் பெயரும் இருக்கிறது. பட்டை உரித்தவர்களின் பெயர்கள் எங்கள் கண்ணில் பட்டதில்லை. இது நீலகிரியில் மட்டும் நடந்ததும் இல்லை. பொலிவியாவில் மானுவேல் இன்கிரா மமானி என்ற பழங்குடித் தொழிலாளி இருந்தார். எந்தச் சின்கோனா மரத்தில் மருந்து அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர். அவர் பொறுக்கிய விதைகளை அவருடைய முதலாளி லெட்ஜர் 1865-இல் டச்சுக்காரர்களுக்கு விற்றார். அந்த விதையிலிருந்து ஜாவாத் தீவில் வளர்ந்த மரங்கள் உலகக் குயினைன் சந்தையையே டச்சுக்காரர் கையில் கொடுத்தன. அந்த மரத்துக்குத் தாவரவியல் வைத்த பெயரில் லெட்ஜர் இருக்கிறார். மமானியைச் சொந்த நாட்டில் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியில்தான் அவர் செத்தார்.

பழைய கதையை இந்தப் பகுதியில் எழுதக் காரணம் இருக்கிறது. எந்தச் செடியில் என்ன சேர்மம் இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும் என்று தேடுகிற அதே வேலை இன்று பெருமளவு கணினியில் நடக்கிறது. அதற்கான கருவிகளில் கணிசமானவை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கின்றன. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தும் காலனியிலிருந்தும் வேதியியல் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதே எங்கள் கவலை.

வேதியியல் ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவை, அமில வாடை, வெள்ளைக் கோட்டு என்றுதான் நினைப்போம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாம் செய்ய நினைப்பதை உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க வேதியியல் கழகம் 1907-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வெளியாகும் வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்து வருகிறது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் திறந்து பார்க்க நிறுவனம் சந்தா கட்ட வேண்டும். மலைமேல் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரி நினைத்துப் பார்க்கிற தொகை அல்ல அது.

2004-இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 'பப்கெம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. சேர்மத்தின் பெயரைத் தட்டினால் அதன் வடிவம், எடை, கொதிநிலை, நச்சுத்தன்மை, அதைப் பற்றி வந்த ஆய்வுகள் எல்லாம் காசில்லாமல் வரும். அடுத்த ஆண்டே அமெரிக்க வேதியியல் கழகம் எதிர்ப்புக் கிளப்பியது. எங்கள் வியாபாரத்தோடு அரசாங்கம் போட்டி போடக் கூடாது, பப்கெம்மைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் போனார்கள். விஞ்ஞானிகள் பலர் பப்கெம் பக்கம் நின்றார்கள். அது தப்பிப் பிழைத்து, இன்று 11 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்களின் விவரத்தோடு நிற்கிறது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

1907 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூன் 19-ஆம் தேதிதான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயரில் வைத்தார். யார் வாங்க முடியும் என்பதை முதல் பக்கத்திலேயே தீர்த்து வைத்துவிட்ட பெயர் அது. பண்டிதர் நீலகிரியில் வளர்ந்து, நீலகிரியில் பொதுவாழ்வைத் தொடங்கியவர். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாட்டை இந்த மலையில் கூட்டியவர். காத்தவராயன் என்ற தம் பெயரை விட்டுவிட்டுக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைச் சூடிக்கொண்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சித்த மருத்துவர். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மருந்துச் சரக்கு பற்றிய அறிவு நம் மக்களுக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி அல்ல என்பதற்கு இந்த மாவட்டத்தில் வேறு சாட்சி தேவையில்லை.

இனி இந்தக் கருவிகளைப் பற்றி. தமிழில் இவற்றைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். நல்ல சொல். பலர் இதை 'இலவசம்' என்று புரிந்துகொள்கிறார்கள், இரண்டும் வேறு. ரேஷனில் கிடைக்கும் அரிசி இலவசம். வாங்கிச் சமைக்கலாம், அவ்வளவுதான். நிறுத்திவிட்டால் கேட்டுப் போராட வேண்டும். விதைநெல் கையில் இருந்தால் நாமே விதைக்கலாம், பெருக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் விதைநெல் போன்றது. அதன் மூல வரிகள் திறந்திருக்கும். படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

வேதியியலில் இப்படித் திறந்து வைக்க வேண்டும் என்று நினைத்த சிலர் 2005-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு நீலத் தூணருகே கூடினார்கள். அந்தத் தூணின் பெயரையே தங்கள் கூட்டத்துக்கு வைத்து 'புளூ ஒபிலிஸ்க்' என்றார்கள். திறந்த தரவு, திறந்த மூலம், திறந்த தரநிலை என்பவை அவர்களுடைய மூன்று கோரிக்கைகள். சங்கம் வைத்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமா?

ஒரு மூலக்கூறை எழுத்தாக எழுதும் முறை உண்டு. 'ஸ்மைல்ஸ்' என்பார்கள். சாராயத்தில் இருக்கும் எத்தனாலைச் சி, சி, ஓ என்று மூன்று ஆங்கில எழுத்தில் எழுதிவிடலாம். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். ஹைட்ரஜனைக் கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். இப்படி எழுதியதைப் படமாக்க, ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, 'ஓப்பன் பேபல்' இருக்கிறது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் ஒப்பிட 2006-இல் திறந்துவிடப்பட்ட 'ஆர்டிகிட்' இருக்கிறது. மூலக்கூறைத் திரையில் கட்டி, திருப்பித் திருப்பிப் பார்க்க 'அவகாட்ரோ', 'ஜேமால்' உண்டு. நோய்க்கிருமியின் புரதத்தில் ஒரு மருந்து மூலக்கூறு எந்த இடுக்கில் போய் உட்காரும் என்று கணிக்க 'ஆட்டோடாக் வினா' உண்டு. பூட்டுக்குள் சாவியை நுழைத்துப் பார்ப்பது போன்ற வேலை அது. அந்தப் புரதங்களின் வடிவங்களோ 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் திறந்து கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அரசு கொடுத்த மடிக்கணினியிலேயே ஓடக்கூடியவை. 2011-இல் தமிழக அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் அதில் இருந்தது. எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தோம்? படம் பார்த்தே தேய்ந்த மடிக்கணினிகளை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டோம். கையில் கொடுத்தவர்கள் அதற்குள் ஓர் ஆய்வகத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, இதெல்லாம் முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்குத்தானே என்று கேட்கலாம். இல்லை. எங்களை இந்த விஷயத்துக்கு இழுத்து வந்தது ஒரு களைக்கொல்லி டப்பா.

தேயிலைத் தோட்டத்தில் பூச்சிக்கும் களைக்கும் தெளிப்பதை நாம் என்னவென்று சொல்கிறோம்? 'மருந்து'. மருந்தடிக்கப் போயிருக்கிறார், மருந்து கலக்குகிறார் என்கிறோம். நஞ்சுக்கு நம் மொழியில் இப்படி ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. தமிழ் படித்த எங்களுக்கே இந்தச் சொல்லின் விபரீதம் வெகுநாள் உறைக்கவில்லை. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைனிலிருந்து வந்து வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர், வேலைக்காட்டில் கிடந்த டப்பாவின் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தார். பொடி எழுத்தில் ஆங்கிலம். உள்ளே இருக்கும் சரக்கின் பெயரைப் பப்கெம்மில் தட்டினார். பாராகுவாட்.

பக்கம் திறந்ததும் மண்டையோட்டுக் குறி. சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து, விழுங்கினால் நஞ்சு, கண்ணையும் தோலையும் எரிக்கும் என்று வரிசையாக வந்தது. வயிற்றுக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இலிருந்து இது கிடையாது. பக்கத்துக் கேரளம் 2011-இல் தடை செய்தது. இந்தியாவில் தேயிலைக்குப் பதிவு செய்யப்பட்ட களைக்கொல்லிகளில் இதுவும் ஒன்று. அந்த மாணவி கேட்ட கேள்வி சின்னது: "எங்கம்மா இதக் கையால கலக்குறாங்களே, அவங்களுக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை. கையுறை, முகக்கவசம் எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. மலைச்சரிவில் இருப்பது பழைய சேலைத் துண்டு.

இந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் யார் என்று இந்தப் பகுதியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் நிலமில்லாமல் மலையேறியவர்களும், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களும்தான். இரண்டு கூட்டத்திலும் நம்மவர்களே மிகுதி. எந்த நஞ்சு யார் கையில் போகிறது என்பதைச் சாதியே தீர்மானிக்கிறது. அந்த நஞ்சின் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதையும் இதுவரை அதுவே தீர்மானித்தது.

இன்னொரு உதாரணம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் 'விஷவாயு தாக்கி பலி' என்று செய்தி வரும். பேய் அடித்தது போல எழுதிவிட்டுப் போகிறோம். அந்த வாயுக்குப் பெயர் உண்டு; பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பப்கெம்மில் அதன் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். காற்றைவிடக் கனமானது, அதனால் தொட்டியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'வாடை போயிருச்சு, இறங்கு' என்று மேலே நிற்பவர் சொல்லும் நேரம்தான் உயிர் போகும் நேரம். மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு நடக்கும்போது, 'அவர் குடித்திருந்தார்' என்று ஒப்பந்ததாரர் வாயெடுத்தால், இந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வக்கீல் கையில் கொடுக்கலாம். சீசனுக்குச் சீசன் லாட்ஜுகள் பெருகும் ஊட்டியிலும் குன்னூரிலும் இது நமக்குத் தேவையான வேதியியல்.

ஆராய்ச்சிக்கு வருவோம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் என்ற பேராசிரியரின் குழு, இந்திய மூலிகைகளில் உள்ள சேர்மங்களைத் தொகுத்து 'இம்பாட்' என்ற தரவுத்தளத்தை 2018-இல் வெளியிட்டது. பழைய மூலிகை நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆள் வைத்துப் படித்துச் சேர்த்த வேலை. முதல் பதிப்பில் 1,742 தாவரங்கள், 9,596 சேர்மங்கள். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 சேர்மங்கள். தாவரத்தின் எந்தப் பாகத்தில் எந்தச் சேர்மம் என்பது வரை இருக்கிறது. வணிகத்துக்கு அல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆர்டிகிட் போன்ற கட்டற்ற கருவிகளும் அதில் உழைத்திருக்கின்றன.

நம் ஊர்ச் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தைல மரத்து இலையைப் பொறுக்கிக் கட்டி, கொட்டகையில் வேகவைத்து இறக்குகிறோமே, அந்த யூகலிப்டஸ் தைலத்துக்கு நீலகிரித் தைலம் என்றே பெயர். அதன் முக்கியச் சேர்மம் சினியோல். ஊட்டிக் கடைகளில் மூட்டு வலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். இலை பொறுக்கும் தாயின் பிள்ளை, இந்தச் சேர்மங்களின் வடிவத்தைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, எந்தப் புரதத்தோடு எப்படிச் சேரும் என்று கணக்கிட்டு, இளநிலைப் பட்ட ஆய்வேடாக எழுத முடியும். நாற்றுப் போல இதிலிருந்து முளைப்பவை பல.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போனால் தவறு. கணினியில் ஒட்டியதெல்லாம் மருந்தாகிவிடாது. 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரின் சேர்மங்களை வைரஸ் புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்த கட்டுரைகள் வரிசையாக வந்தன. அந்தக் கணக்கு ஒரு யூகம். அதற்குப் பிறகு குழாய்ச் சோதனை, விலங்குச் சோதனை, மனிதர்மேல் சோதனை என்று நீண்ட பாதை இருக்கிறது. கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் பணம் கட்டினால் வெளியிடும் பத்திரிகைகளில் கட்டுரை போடச் சொல்லி மாணவர்களை விரட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பணத்துக்கு நகை அடகு வைத்த வீட்டை எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பத்திரிகையில் பெயர் வருவதைவிட வராமல் இருப்பது நல்லது.

திறந்து வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. இம்பாட் போன்ற தொகுப்புகள் நூல்களிலிருந்து எடுக்கின்றன. அந்த நூல்கள் எழுதப்பட்டபோது செடியைக் காட்டிக் கொடுத்தவர்கள் யார்? குறும்பர், இருளர் முதலான பழங்குடிகள், ஊர் மருத்துவச்சிகள், சேரி வைத்தியர்கள். அவர்கள் பெயர் நூலில் இல்லை. எனவே தரவுத்தளத்திலும் இருக்காது. அகத்திய மலையின் காணி மக்கள் ஆரோக்கியப் பச்சையைக் காட்டிக் கொடுத்து, அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்து, கேரள ஆய்வு நிறுவனம் உரிமத் தொகையில் ஒரு பங்கை அந்த மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் குறைகள் சொல்லப்பட்டன. ஆனாலும் அபூர்வமாக நடந்த நல்ல காரியம் அது. மத்திய அரசின் பாரம்பரிய அறிவு மின்நூலகமோ வேறு வழியில் போனது: காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் பார்க்கலாம் என்று பூட்டி வைத்தது. வெளிநாட்டுக் கம்பெனி திருடாமல் இருக்கப் பூட்டு சரி. ஆனால் சித்த வைத்தியம் செய்த பாட்டனின் பேத்தியும் பூட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள். திறப்பதா, பூட்டுவதா என்று யாரும் நம்மைக் கேட்டு முடிவு செய்யவில்லை. இதைக் கேட்கும் இடத்தில் உட்கார வேண்டுமானால் நம்மவர்கள் அந்தத் துறைக்குள் இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளால் ஆகுமா என்றால், ஆகியிருக்கிறது. 2015-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'டாராப்ரிம்' என்ற மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து ஒரே அடியாக 750 டாலராக ஏற்றியது. ஒட்டுண்ணிக் கிருமி நோய்க்கான பழைய மருந்து. எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்கு உயிர் காப்பது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி கிராமர் பள்ளி மாணவர்கள் அதே மருந்துப் பொருளைப் பள்ளி ஆய்வகத்தில் மலிவாகத் தயாரித்துக் காட்டினார்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ டாட் நடத்திய 'திறந்த மூல மலேரியா' திட்டத்தோடு சேர்ந்து, செய்த ஒவ்வொரு படியையும் எல்லோரும் பார்க்க இணையத்தில் எழுதி வைத்தார்கள். பாராட்ட வேண்டிய பிள்ளைகள். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: அது அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. நல்ல ஆய்வகம் இருந்தது, வழிகாட்ட ஆள் இருந்தது.

இந்தியாவிலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2008 செப்டம்பரில் சி.எஸ்.ஐ.ஆர். தலைவராக இருந்த சமீர் பிரம்மச்சாரி காசநோய்க்காகத் 'திறந்த மூல மருந்து கண்டுபிடிப்பு' திட்டத்தைத் தொடங்கினார். காசநோய் ஏழைகளின் நோய். பெரிய மருந்துக் கம்பெனிக்கு அதில் லாபம் இல்லை. எனவே எல்லோரும் சேர்ந்து தேடுவோம் என்றார்கள். கிருமியின் ஏறக்குறைய 4,000 மரபணுக்களைப் பிரித்துப் படிக்கும் வேலையில் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இணைந்தார்கள். பிறகு 130 நாடுகளிலிருந்து 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். கல்லூரிகளில் மாணவர்கள் தயாரிக்கும் சேர்மங்களை வாங்கிக் கிருமிக்கு எதிராகச் சோதிக்கும் ஏற்பாடும் இருந்தது. அந்தத் திட்டம் இன்று அன்றைய வேகத்தில் இல்லை. காசநோய் மட்டும் லைன் வீடுகளை விட்டுப் போகவில்லை. அரசு மறுபடி அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று இந்தப் பகுதி வழியாகக் கேட்கிறோம்.

திறந்திருக்கும் கதவு வரை போய்ச் சேர வழி வேண்டும். முதல் தடை சிக்னல். லைன் வீட்டிலிருந்து மேடேறி, பாறைமேல் நின்றால் இரண்டு கோடு வரும். மழை வந்தால் அதுவும் போகும். இரண்டாவது தடை ஆங்கிலம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில், அவகாட்ரோ, ஜேமால், ஜிகெம்பெயின்ட் போன்றவற்றுக்குப் பத்து நிமிட அளவிலான பாடங்கள் உண்டு. தமிழ்க் குரலிலும் கேட்கலாம். ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் சுமார் 13,000 பத்திரிகைகளைக் காசு கட்டாமல் படிக்கலாம். இதற்குள் நுழைவது எப்படி என்று உங்கள் கல்லூரி நூலகரை நாளைக்கே கேளுங்கள். தெரியாது என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாவது தடைக்கு மென்பொருள் கிடையாது. ரோஹித் வெமுலா அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். 2016 ஜனவரி 17-ஆம் தேதி நாம் அவரை இழந்தோம். வழிகாட்டும் பேராசிரியரின் அறைக்கதவு எந்தப் பிள்ளைக்கு உடனே திறக்கிறது, எந்தப் பிள்ளை வெளியே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஆய்வு மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் இந்தக் கருவிகளால் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. கட்டற்ற மென்பொருளில் யார் எந்த வரியைத் திருத்தினார்கள் என்பது பெயரோடும் தேதியோடும் பதிவாகிவிடும். பட்டை உரித்தவரின் பெயரை விட்டுவிட்டது போல இதில் எளிதாக விட்டுவிட முடியாது. பிழையொன்றைக் கண்டு சொன்னாலும், ஒரு பக்கத்தைத் தமிழாக்கினாலும், செய்தவர் பெயர் நிற்கும். பரிந்துரைக் கடிதம் தர மறுப்பவர்களிடம் காட்ட அது ஒரு கைச்சான்று.

கோத்தகிரி மாணவியும் தோழிகள் இருவரும் இப்போது தமிழாக்க வேலையில் இறங்கியிருக்கிறார்கள். தங்கள் எஸ்டேட்டில் புழங்கும் டப்பாக்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பப்கெம்மில் உள்ள அபாயக் குறிப்புகளை மஸ்டர் எடுக்கும் இடத்தில் ஒட்டத்தக்க தமிழில் எழுதுகிறார்கள். எங்களிடம் கொண்டு வந்தபோது சொற்களில்தான் சண்டை வந்தது. 'உள்ளிழுத்தால் மரணம் விளைவிக்கக்கூடியது' என்று நாங்கள் திருத்தினோம். அவர்கள் அதை அடித்துவிட்டு 'மூச்சுல போனா உயிர் போயிரும்' என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியதையே வைத்துக்கொண்டோம். நோட்டில் இதுவரை ஒன்பது பெயர்கள். அதில் மூன்று டப்பாக்களில் சீட்டு கிழிந்து, உள்ளே என்ன சரக்கு என்று தெரியவில்லை. அந்த மூன்றின் விவரம் கேட்டு எஸ்டேட் அலுவலகத்துக்குத் தொழிற்சங்கம் வழியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.